பன்னிரண்டாவது நாற்காலி

"ஊர் என்ன பேசும் சாமி?" என்று கேட்டார் கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் இஞ்ஞாசி.

பங்குச்சாமியாருக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் மனசில் ஏதாவது உறுத்தினால் இஞ்ஞாசி அவரிடம்தான் வருவார்.

பெரிய வியாழனன்று, சேசுநாதர் தன் பன்னிரண்டு சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, சாமியார் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவி முத்தமிட வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரை உபதேசியார் தேர்ந்தெடுப்பார். தேர்ந்தெடுக்க அதில் ஒன்றும் கிடையாது. மேலத்தெருவின் பன்னிரண்டு வீடுகளுக்கு வழிவழியாகப் பன்னிரண்டு நாற்காலிகள். சேசுநாதர் மீன் பிடிக்கிறவர்களைத் தேடிப் போனார். இந்த ஊர்க்காரர்கள் சம்பந்தி வீடுகளோடு நின்றுகொண்டார்கள்.

இந்த வருஷம் ஒரு வீட்டுப் பெரியவர் வாரிசில்லாமல் இறந்துபோனார். ஒரு நாற்காலி காலி.

இஞ்ஞாசியின் மகள் பிலோமி, கீழத்தெரு அருளப்பனைக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷமாகிறது. கோயிலில் முறையாக நடந்த கல்யாணம்தான். அப்பா மட்டும் போகவில்லை. இப்போது அவள் சொல்லியனுப்பியிருந்தாள்: கீழத்தெருக்காரர் ஒருத்தர்கூட இதுவரை அங்கே உட்கார்ந்ததில்லை, என் வீட்டுக்காரரை உட்கார வையுங்கள், முடியாதென்றால் எனக்கு அப்பா இல்லையென்று நினைத்துக்கொள்கிறேன்.

"அவ கேக்குறது நியாயம்தான் சாமி. எனக்கே தெரியுது. ஆனா நாளைக்கு நான் மேலத்தெருவுல நடக்கணுமே."

சாமியார் புத்தி சொல்லவில்லை. வேதத்தையும் எடுக்கவில்லை.

"பன்னெண்டு நாற்காலியும் போட்டு வைங்க" என்றார்.

இதைக் கேட்கவா வந்தோம் என்று இஞ்ஞாசிக்குச் சப்பென்று போய்விட்டது.

வியாழக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பதினோரு பேர் சலவை வேட்டியும் சோப்புப் போட்டுத் தேய்த்த கால்களுமாக உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவது ஆளாக உபதேசியார் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. காலி நாற்காலியை யாரும் கவனிக்காமல் இருந்தால் சரி என்று வேண்டிக்கொண்டு தண்ணீர்ச் செம்போடு சாமியாருக்குப் பின்னால் நடந்தார்.

பதினோராவது ஆளின் காலைத் துடைத்து முத்தமிட்ட சாமியார், காலி நாற்காலிக்கு முன்னால் போய் மண்டியிட்டார்.

எழுந்திருக்கவில்லை.

பாட்டுக்காரர்கள் பாட்டை முடித்தார்கள். திரும்ப ஆரம்பித்தார்கள். அதுவும் முடிந்தது.

இஞ்ஞாசி குனிந்து சாமியாரின் காதருகே சொன்னார்: "எந்திரிங்க சாமி. ஊரே பாக்குது."

"முட்டி வலிக்குது, உபதேசியாரே" என்றார் சாமியார், தலை நிமிராமல்.

உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தர் வேண்டுமென்றே இருமினார். அந்த இருமலுக்குத்தான் இஞ்ஞாசி ஆயுசு முழுக்கப் பயந்திருந்தார். இப்போது அது வெறும் இருமலாகத்தான் கேட்டது. அதைவிட, தன் மகன் வயதுப் பிள்ளை தன்னால் கல்தரையில் கிடக்கிறதே என்ற வெட்கம்தான் அவரைப் பிடுங்கித் தின்றது.

செம்பைக் கீழே வைத்தார். ஜனங்களுக்கு நடுவே நடந்து வாசல்வரைக்கும் போனார். பிலோமிக்குப் பக்கத்தில் கதவோரம் நின்றிருந்தான் அருளப்பன்.

"வாங்க மாப்ள."

அவன் பின்வாங்கினான். "வயலுக்குத் தண்ணி பாய்ச்சிட்டு நேரா வர்றேன் மாமா. காலெல்லாம் சேறு."

"அதைக் கழுவத்தான் அங்க ஒருத்தரு மண்டி போட்டிருக்காரு" என்று இஞ்ஞாசி அவன் கையைப் பிடித்தார்.