வாசலில் கட்டிய பல்பு மாலை

சங்கரலிங்கமும் அவர் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தம்பி எட்டிப் பார்க்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த அன்று, "இனி நீ யாரோ, நான் யாரோ" என்று அண்ணன் சொல்லிவிட்டார். சொன்னபடியே இருந்தார். தூக்கம் மட்டும் வரவில்லை.

அவருடைய குரு கோமளவல்லி அம்மையார் அவரைவிட வயதில் இளையவர். அம்பாசமுத்திரத்தில் தம் வீட்டிலேயே நாலைந்து பேருக்குத் தியானம் சொல்லிக்கொடுத்து வந்தார். சீடரை அவர் கூப்பிடுவது "அண்ணாச்சி" என்றுதான்.

சங்கரலிங்கத்தின் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு வீட்டுக்கு வரும் நாள். வாசலில் பல்பு மாலை கட்டி, குருவையும் அழைத்திருந்தார். அம்மையார் வந்து உட்கார்ந்ததும், மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டார்.

"அம்மா, தம்பியை அறுத்துப் போட்டுட்டேன். அறுத்த பிறகும் ஏன் உள்ள சுட்டுக்கிட்டே இருக்கு?"

அம்மையார் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாலை அளவா இருக்கே அண்ணாச்சி."

"ரொம்ப நீளம்மா. மிச்சம் தரையில புரண்டுது. காலையில வெட்டிட்டேன். ஒரு பல்பு போனா எல்லாம் அணையுற ரகம்னா வெட்டவே கூடாதாம். மிச்சப் பல்பெல்லாம் சூடேறிருமாம். இது வெட்டுற ரகந்தான், கடையில கேட்டுட்டேன். பிளக்கைப் பிடுங்கிட்டு, வால் பக்கமாத்தான் வெட்டினேன்."

"நல்லது."

மதியம் பெய்த மழையில் வாசல் நனைந்திருந்தது. தெருமுனையில் கார் ஹாரன் கேட்டது. மூத்த பேத்தி செண்பகம், "அம்மா வந்தாச்சு!" என்று ஓடிப்போய் இரும்புக் கேட்டில் ஏறி நின்றாள். சங்கரலிங்கம் அவசரமாகப் பிளக்கைச் சொருகி, சுவிட்சில் கை வைத்தார்.

"அண்ணாச்சி, கைய எடுங்க!"

அம்மையார் கத்தி அவர் கேட்டதே இல்லை. கை தானாகப் பின்வாங்கியது.

அம்மையார் கேட்டைக் காட்டினார். மாலையின் வெட்டிய முனையில் சங்கரலிங்கம் சுற்றியிருந்த துணி நனைந்து நழுவியிருந்தது. இரண்டு செம்புக் கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தன.

அவர் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினார். பேத்தியை வாரி எடுத்தார். "இறக்கி விடு தாத்தா, தம்பிப் பாப்பாவைப் பாக்கணும்" என்று அவள் திமிறினாள். அவர் விடவில்லை. அவளை நெஞ்சோடு அணைத்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார்.

மகளுக்கும் குழந்தைக்கும் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்துப் போனார்கள். அம்மையார் மெல்லக் கேட்டார்.

"மாலை வந்த பெட்டியில, வெட்டின முனைக்கு மாட்ட மூடி ஒண்ணு கொடுத்திருப்பாங்களே?"

"இருந்துது. வெட்டியாச்சே, இனி அது எதுக்குன்னு விட்டுட்டேன்."

"எடுத்துட்டு வாங்க."

நனைந்த பகுதியை நறுக்கிக் கழிக்கச் சொன்னார். உலர்ந்த கம்பி தெரிந்ததும், இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி ஒன்றைச் சற்றுக் குட்டையாக்கச் சொன்னார். உள்ளே பசை இருந்த அந்த ரப்பர் மூடியைச் சங்கரலிங்கம் இறுக்கி மாட்டினார். பசை காய்ந்ததும், கேட்டுப் பக்கமே இல்லாமல், மழை படாத இடமாகப் பார்த்துத் தூக்கிக் கட்டினார்.

சுவிட்சைப் போட்டார். வாசல் முழுக்க வெளிச்சம். செண்பகம் கைதட்டினாள். அவருக்கு அப்போதுதான் மூச்சு முழுதாக வந்தது.

காலையில் வெட்டிப் போட்ட துண்டு மூலையில் கிடந்தது. அதை ஒரு குச்சியால் ஒதுக்கப் போனார். அம்மையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வெறுங்கையாலயே எடுங்க அண்ணாச்சி. அறுத்துப் போட்டதுல கரண்ட் இல்ல."

"அப்போ இவ்வளவு நேரம் எதுக்கும்மா பயந்தோம்?"

"வெட்டுப்பட்ட முனை, கரண்ட் ஓடுற நம்ம பக்கத்துலதானே இருந்துது."