கூடு உரித்த மருந்து

எங்கள் தெருத் தொழுகைக்கூடமான தைக்காவில் பெண்கள் மட்டும்தான் மார்க்கம் ஓதுகிறோம். முஃபீதா ஆலிமா ஓதிக்கொடுக்கிறார். வாயை மூடிக்கொண்டு கேட்கிற கூட்டமா நாங்கள்? கேள்விக்குப் பஞ்சமே இல்லை. அதிலும் லரீபா லாத்தா இருக்கிறாரே! எங்களுக்கெல்லாம் அக்கா, ஆலிமாவைவிட மூத்தவர், பிள்ளை பெற்ற பிறகு ஓத வந்தவர். ஹலால், ஹராம் பேணுதல் என்றால் அப்படி ஒரு பேணுதல். பிஸ்கட் உறையைக்கூட வெயிலில் பிடித்துப் படித்துவிட்டுத்தான் வாங்குவார்.

அன்று பாடம் முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

“ஆலிமா, கேப்சூலோட மேல்கூடு ஹலாலா?”

“யாருக்கு மருந்து, லாத்தா?”

“என் மவ நுஸ்ஹாவுக்கு. வலிப்புக்கு. அந்தக் கூட்டை ஏதோ மிருகத்தோட எலும்புல, தோலுல செய்யிறாங்களாமே. கூட்டுல மருந்தா இருக்கு? உள்ளேதானே இருக்கு. அதான் கூட்டை உரிச்சுப் போட்டுட்டு, குருணையை அரைச்சுத் தேன்ல குழைச்சுக் குடுக்குறேன்.”

“பிள்ளை எப்படி இருக்கா?”

“நின்னிருந்த வலிப்பு திரும்பவும் வந்துடுச்சு ஆலிமா. நேத்து நாக்கைக் கடிச்சு, வாயெல்லாம் ரத்தம்…”

அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டார்.

நானாக இருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். ஆலிமா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. பிள்ளையைப் பார்க்கிற டாக்டருக்கே போன் போட்டு, லாத்தா காதுபட விசாரித்தார். கூடு எந்த மிருகத்தினுடையது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. இந்தப் பிள்ளைக்கு இப்போதைக்கு இதைவிட்டால் வேறு தோதான மருந்தும் இல்லை. கூட்டோடு முழுசாகத்தான் விழுங்க வேண்டுமாம்; அரைத்துக் கொடுத்தால், நாள் முழுக்க மெல்ல இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடுமாம். சாயங்காலம் பிள்ளைக்குக் காவல் இருக்காதாம்.

ஆலிமா போனை வைத்தார்.

“டாக்டர் சொன்னபடி முழுசாவே குடுங்க. இதே மருந்து வேற கூட்டுல வருதான்னு நான் தேடுறேன். அதுவரைக்கும் ஒருவேளைகூட விட்டுடாதீங்க.”

“ஹராமா இருந்துட்டா? நாளை மறுமையில அல்லாஹ் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

ஆலிமா பக்கத்தில் நகர்ந்து வந்து லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கூட்டைப் பத்திக் கேட்டா, ‘இவதான் குடுக்கச் சொன்னா’ன்னு என்னைக் கை காட்டுங்க. நான் பதில் சொல்லிக்கிறேன். பிள்ளையைப் பத்திக் கேட்டா, உங்களைத்தானே லாத்தா கேப்பான்?”