தங்கப்பழத்தின் காலும் தங்கச்சியின் பீரோவும்

சுண்டங்குளத்தில் நாலு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். கடவுள் நாலு பேருக்கும் நல்ல மனசை அள்ளி அள்ளிக் கொடுத்ததில் கை சோர்ந்துபோய், புத்தியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். மூத்தவர் தங்கப்பழம். அடுத்தவர் சுடலைமணி. மூன்றாமவர் நயினார், ஆள் நெட்டை. கடைசி இசக்கிமுத்து. நால்வரில் அவன்தான் புத்திசாலி என்று பெயர். அந்தப் பெயரைக் கொடுத்தது மற்ற மூன்று பேர்.

அவர்களுக்கு ஒரே தங்கச்சி, பேச்சியம்மாள். அடுத்த தெருவில் புது வீடு கட்டி, மறுநாள் பால் காய்ச்சு. பிறந்த வீட்டுச் சீராக அண்ணன்மார் இரும்பு பீரோ வாங்கி வைத்திருந்தார்கள்.

பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, எங்க அத்தை ஒத்தக் கால்ல நிக்கிறாவ. பீரோ வண்டியில வந்தா வீட்டுல ஏத்த மாட்டாவளாம். அண்ணன்மார் நாலு பேரும் சேர்ந்து தூக்கிட்டு வரணுமாம். ஒரு ஆள் குறைஞ்சாலும் பீரோவைத் திருப்பி அனுப்பிருவாவளாம். அப்படி ஆச்சுன்னா நான் அந்த வீட்டுல தலை நிமிர முடியுமா?"

"நீ போ தாயி. நாலு பேரும் தூக்கிட்டு வாரோம்" என்றார் தங்கப்பழம்.

அவள் போனதும், எதற்கும் ஒரு தரம் தூக்கிப் பார்ப்போம் என்று தூக்கினார்கள். தங்கப்பழம் முன்னால். வாசல்படி இறங்கும்போது, பீரோ பின்னாலேயே வருகிறதா என்று திரும்பிப் பார்த்தார். பீரோ வந்தது. இடது கால் மடங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலை அமுக்கிப் பார்த்தார்.

"எலும்பு உடையல. எலும்பையும் எலும்பையும் சேத்துக் கட்டியிருக்கிற நார் அளவுக்கு மேல இழுபட்டிருக்கு. ஓய்வு கொடுத்தா தானா சரியாயிரும். ஐஸைத் துணியில சுத்தி வைங்க. காலை நெஞ்சுக்கு மேல உசத்தி வைங்க. கால்ல பாரம் போடாதீங்க. ரெண்டு காலும் ஒரே அளவா ஆனப்புறம் மெள்ள நடக்கலாம்."

மறந்துவிடாமல் இருக்க, வீடு வரைக்கும் நாலு பேரும் அதையே பஜனை மாதிரிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

முதலில் ஐஸ். மீன் கடையிலிருந்து ஒரு கட்டி வாங்கி, துண்டில் சுற்றிக் காலில் வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பிரித்தால் ஐஸைக் காணோம்.

"ஏலே, முழுசையும் கால் குடிச்சிட்டுலா!" என்றார் சுடலைமணி.

"இம்புட்டுத் தண்ணி குடிச்சா வீங்காம என்ன செய்யும்?" என்று கோபப்பட்டான் இசக்கிமுத்து. ஐஸ் அத்தோடு நின்றது.

அடுத்து, கால் நெஞ்சுக்கு மேலே. ரெண்டு தலையணை போதும் என்றார் தங்கப்பழம்.

"யாரு நெஞ்சுக்கு மேலன்னு டாக்டரம்மா சொல்லலியே" என்றார் சுடலைமணி.

எதற்கும் இருக்கட்டும் என்று நெட்டை நயினாரை நிறுத்தி, அவர் நெஞ்சுக்கு மேலே வருகிற மாதிரி, தொட்டில் கொக்கியில் சேலையைக் கட்டிக் காலைத் தொங்கவிட்டார்கள். காலோடு சேர்ந்து அண்ணாச்சியும் பாதி தொங்கினார்.

"ஏலே, மேல் துண்டு நழுவி மூஞ்சில விழுது. ஒண்ணும் தெரியல."

"கண்ணுல ஒண்ணும் அடிபடலியே அண்ணாச்சி, பேசாம இருங்க."

சாயங்காலம் ஆனது. அண்ணாச்சியைக் கீழே இறக்கி, இசக்கிமுத்து நூல் வைத்து ரெண்டு காலையும் அளந்தான்.

"இடது பெருசு, வலது சிறுசு. பெருசு சிறுசாக நாளாகும். விடிஞ்சா பால் காய்ச்சு. சிறுசைப் பெருசாக்க எம்புட்டு நேரம் ஆகும்?"

மூன்று பேரும் அவனைக் கட்டிக்கொண்டார்கள். தங்கப்பழத்தை அதே வாசல்படிக்குத் தூக்கிப் போனார்கள். அவர் கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டு, இந்தத் தடவை வலது காலை மடக்கிக் குதித்தார்.

ராத்திரிக்குள் ரெண்டு காலும் அச்சு அசலாக ஒரே அளவு.

"இனி நடக்கலாம்!" என்றார் நயினார்.

தங்கப்பழம் எழுந்து நின்றார். "ஆத்தாடி!" என்று உட்கார்ந்தார்.

"பாத்தியளா? டாக்டரம்மா நடக்கலாம்னுதான சொன்னாவ. நிக்கலாம்னு சொன்னாவளா? நீங்க எதுக்கு நின்னிய?" என்று கண்டித்தான் இசக்கிமுத்து.

விடிந்தது. காலில் பாரம் போடக் கூடாது. ஆனால் நாலு பேரும் தூக்கியாக வேண்டும். பேச்சியின் முகம் தங்கப்பழத்தின் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"கால்லதானல பாரம் கூடாது? கை சும்மாதான இருக்கு. என்னை மேல ஏத்தி உக்கார வைங்க. நான் மேலே இருந்து தூக்குதேன்."

பீரோவைப் படுக்கப் போட்டு, அவருக்கு உரிய மூலையில் அவரை உட்கார வைத்து, ரெண்டு காலையும் தலையணை மேல் ஏற்றினார்கள். மூன்று பேர் தோள் கொடுத்தார்கள். தங்கப்பழம் பீரோவின் ரெண்டு விளிம்பையும் இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்து மேலே இழுத்தார்.

"அண்ணாச்சி! உங்க மூலை மட்டும் தாழுது. ஒழுங்காத் தூக்குங்க!"

"தூக்குதேன்டே!" அவர் இன்னும் பலமாக இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"இப்பதான் கொஞ்சம் லேசா இருக்கு" என்று மூச்சிரைக்கச் சொன்னார் சுடலைமணி.

புது வீட்டு வாசலில் பேச்சியின் மாமியார் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"கீழ மூணு பேருதான நிக்கிறிய? மூத்தவர் எங்க தூக்குதாரு? சொகுசா உக்காந்துலா வாராரு! எறங்கச் சொல்லுங்க அவரை!"

"ஐயோ அத்தை, அவரை எறக்கிராதிய!" என்று அலறினான் இசக்கிமுத்து. "நாலு பேரும் தூக்கையிலேயே இந்தக் கனம் கனக்கு. அவரும் கையை விட்டா நாங்க மூணு பேரும் நசுங்கிருவோம்!"

மாமியார் தங்கப்பழத்தின் கையைப் பார்த்தார். ரெண்டு உள்ளங்கையும் செக்கச் செவேல் என்று கன்னிப்போயிருந்தன. கீழே இருந்தவர்கள் கையில் அப்படி ஒன்றும் இல்லை.

"அட, ஆமா! பாவம், பூராத்தையும் மூத்தவர்தான் தூக்கியிருக்காரு" என்று உருகிப்போய், அவருக்குத்தான் முதலில் ஆரத்தி எடுத்தார். பேச்சி அன்றைக்குத்தான் வீட்டில் நிமிர்ந்து நடந்தாள்.

பீரோவை நடுக்கூடத்தில் இறக்கினார்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் விழுந்து கிடந்தார்கள். தங்கப்பழம் மட்டும் பீரோ மேல் உட்கார்ந்து, கண்ணை மூடி, இன்னும் இழுத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, எறக்கியாச்சு. கையை விடுங்க" என்றாள் பேச்சி.

"விட்டுருதேன் தாயி" என்றார் அவர் பல்லைக் கடித்தபடி. "புதுத் தரை, தாங்குமான்னு மொதல்ல கொத்தனாரைக் கேட்டுட்டு வா."