மிச்சமான போல்ட்

ஏற்காட்டில் அருணகிரி என்று ஒரு எஸ்டேட் முதலாளி. தன் பழைய இத்தாலி ரேஸ் பைக்கின் பிரேக்கைத் தானே கழற்றி மாட்டினாராம். ஒரு போல்ட் மிச்சமாகிவிட்டது.

"இத்தாலிக்காரன் கூடுதலாப் போட்டுட்டான்" என்று ஆயுதபூசைக்கு வந்தவர்களிடம் பீற்றிக்கொண்டார்.

"அது பிரேக்கைத் தாங்குற போல்ட்டுங்க" என்றான் ஜீப் டிரைவர் செங்கோடன்.

முதலாளிக்கு ரோஷம் வந்தது. "எனக்கே பாடமா? இப்பவே மலையிறக்கத்துல ஓட்டிக் காட்டு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

செங்கோடன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். "ஓட்டுறேனுங்க. ஆனா பூசை போட்ட வண்டியில முதல் சவாரி முதலாளிக்குத்தானுங்களே? பின்னால ஏறிக்குங்க."

முதலாளி இறக்கத்தைப் பார்த்தார். கையிலிருந்த போல்ட்டைப் பார்த்தார்.

"நல்ல நேரம் போறதுக்குள்ள இதை மாட்டுடா!"

மாட்டினான். இருவரும் பழத்தை நசுக்கிக்கொண்டு இறங்கினார்கள். முதல் வளைவில் பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. முதலாளி செங்கோடனின் இடுப்பை அதைவிடக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.