அனுமதி எழுதாத மூட்டை

"நான் எந்த அனுமதியும் எழுதவே இல்லையே அம்மா! எழுதாததுக்குப் போய் என்னை ஏன் திட்டறாங்க?"

அரியநாயகம் கோபமாகக் கேட்டார்.

எதிரே குரு சுடர்க்கொடி. மலைமேல் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்களின் மடத்தை நடத்துகிறவள். அவரை விட ரொம்ப இளையவள். தலை நரைத்த மனுஷர் அவளை அம்மா என்று கூப்பிடுவதைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, தெரிந்தவளிடம்தானே கேட்க முடியும்.

நடந்தது இதுதான். மலைக் கிராமத்து நோயாளிகளின் குறிப்புகளைச் சுருக்கி, ஒரே மூட்டையாகக் கட்டி, கீழே டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அரியநாயகம் புதிதாக ஒரு நிரல் எழுதியிருந்தார். மூட்டைக்குள் போகும் ஒவ்வொரு ஃபைலோடும் யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்ற அனுமதியும் சேர்ந்து போகும். நேற்று முதல் மூட்டையை அனுப்பியபோது மனுஷர் அதை எழுதாமல் விட்டுவிட்டார். விட்ட இடத்தில் பூஜ்யம் போய் உட்கார்ந்துகொண்டது. பூஜ்யம் என்றால் ஒருத்தரும் தொட முடியாது.

இன்று காலையில் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தைக்கு அவசரமாக ஊசி போட வேண்டியிருந்தது. எந்த மருந்து அதற்கு ஆகாது என்பது அந்த ஃபைலில்தான் இருந்தது. நர்ஸ் ஸ்டெல்லா என்னென்னவோ செய்து பார்த்தாள். திறக்கவே இல்லை. நல்லவேளை, தாய்க்கு மருந்தின் பெயர் ஞாபகம் இருந்தது, பிள்ளை தப்பித்தது. ஸ்டெல்லா போனில் அரியநாயகத்தைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டாள்.

சாயங்காலம் அடுத்த மூட்டை போக வேண்டும்.

"யாரும் படிக்கக் கூடாதுன்னு நானா சொன்னேன்?" என்றார் அரியநாயகம்.

சுடர்க்கொடி எழுந்து போய்ச் சாப்பாட்டுக்கூடத்தைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்துவிட்டாள்.

மத்தியானம் ஆயிற்று. உள்ளே சாம்பார் மணக்கிறது. வெளியே தட்டோடு சீடர்கள் நிற்கிறார்கள். அரியநாயகத்துக்குப் பசி தாங்காது. தாம்தூம் என்று குதித்துக்கொண்டு ஓடைக்குப் போனார்.

"சோத்தைப் பூட்டிட்டு இங்க வந்து உக்காந்திருக்கீங்களே, நியாயமா?"

"யாரும் சாப்பிடக் கூடாதுன்னு நானா சொன்னேன்?"

"யார் சாப்பிடலாம்னும் நீங்க சொல்லலையே!" என்று கத்தினார்.

கத்திய பிறகுதான் அவருக்கே சுருக்கென்றது. ஆனாலும் வீம்பு விடுமா? விறுவிறுவென்று அறைக்குப் போய் நிரலைத் திருத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

"எழுதிட்டேன். யார் வேணும்னாலும் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். எல்லாருக்கும் எல்லாம். இப்ப திருப்தியா?"

சுடர்க்கொடி கூடத்துக்கு வந்து பூட்டைத் திறந்தாள். முன்கதவு, பின்கதவு, ஜன்னல், எல்லாவற்றையும் அகலத் திறந்துவிட்டு, "யாரும் உள்ளே போகாதீங்க" என்று சீடர்களிடம் சொல்லி, வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

குரங்குகளுக்குச் சொல்லியா அனுப்ப வேண்டும்? கூட்டமாக வந்து இறங்கின. சாம்பார் அண்டா உருண்டது. ஒன்று உப்பு ஜாடியைத் தூக்கிப் பாயசத்தில் கவிழ்த்தது.

அரியநாயகம் கம்பை எடுத்தார். சுடர்க்கொடி கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு விரட்டறீங்க? எல்லாருக்கும் எல்லாம்னு சொன்னீங்களே."

"இதுகளையா சொன்னேன்? ஐயோ, பாயசத்தைப் பாருங்கம்மா, நாசமாப் போச்சு!"

"பாயசம் போனா நாளைக்கு வச்சுக்கலாம். ஆகாத மருந்தோட பேரை அங்க எவனோ கை தவறி அழிச்சுட்டா அந்தப் பிள்ளை என்ன ஆகும்?"

அரியநாயகத்துக்கு முகம் சிவந்து, கண்ணும் கலங்கிவிட்டது. கம்பைப் பிடுங்கி வீசி எறிந்தார்.

"பூட்டினாலும் தப்பு, திறந்தாலும் தப்பு! பின்னே எதைத்தான் எழுதித் தொலைக்கறது? நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க, எழுதிடறேன்!"

அவ்வளவுதான், சுடர்க்கொடிக்கு வந்ததே கோபம்.

"என்னை ஏன் கேக்கறீங்க? உங்க மூட்டையை நானா திறக்கப் போறேன்?"

குரங்குகள் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தன.

அரியநாயகம் பசியோடேயே போனை எடுத்து ஆஸ்பத்திரி நம்பரைப் போட்டார். மறுபடி அந்தத் திட்டை வாங்க வேண்டுமே என்று இருந்தது.

"நர்ஸம்மா, காலையில பேசினேனே, அரியநாயகம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் அனுப்பற ஃபைலை அங்க யார் யார் படிக்கணும்? அதுல யாராவது எதையாவது திருத்தணுமா?"

ஸ்டெல்லா திட்டவில்லை.

"சார், இதைக் கேக்காமலா நேத்து அனுப்பினீங்க?" என்றாள்.