முதலையார் கல்லில் ஒரு வாத்து

நைல் நதிக்கரைக் குளத்தில் பூஞ்சிறகி என்றொரு வாத்து இருந்தாள். அழகுக்குக் குறைவில்லை. அறிவுக்குத்தான் கொஞ்சம் தட்டுப்பாடு!

ஒருநாள் நதியின் பெரிய முதலையார் காலமானார். அவருடைய கல்லறையில் நிறுத்த ஒரு கல் தயாரானது. கல்லில் முதலையார் கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். எதிரே மேசை நிறையச் சாப்பாடு வரைந்திருக்கும். அதையெல்லாம் அடக்கத்தன்று ஒரு தடவை நிஜமாகப் படைக்க வேண்டும். அப்புறம் காலாகாலத்துக்கும் படமே போதும். அதுதான் அந்த ஊர் வழக்கம்.

வண்ணம் தீட்டியது ஒரு கிழக்குரங்கு. ரொட்டி வரைந்தது, வெங்காயம் வரைந்தது, ஒரு வாத்தையும் வரைய ஆரம்பித்தது. பூஞ்சிறகி ஓடி வந்தாள்.

"அது யாரு? நான்தானே?"

"யாருமில்லம்மா, சும்மா ஒரு வாத்து. அடையாளம் இல்லேன்னா மாவுல ஒரு வாத்து பிடிச்சு வெச்சுடுவாங்க. ஒரு உயிர் தப்பிக்கும்."

"சும்மா ஒரு வாத்தா! நாளைக்குக் கண்டவளும் அது நான்தான்னு பீத்திக்குவாளே! என்னையே வரை. இடது இறக்கையில மச்சம் இருக்கு பாரு, அதையும் வை!"

"அம்மா தாயே, அது சாப்பாட்டு மேசை!"

"இருக்கட்டுமே! மேசைக்கு மேலதானே? கீழே இல்லையே!"

குரங்கு தலையில் அடித்துக்கொண்டது. மச்சத்தோடு வரைந்து கொடுத்தது. அடேயப்பா, அன்று முதல் குளத்தில் யாரும் நிம்மதியாக நீந்த முடியவில்லை. "கல்லுல என்னைப் பாத்தியா?" என்று கேட்டே எல்லோர் உயிரையும் எடுத்தாள்.

அடக்க நாள் வந்தது. முதலையாரின் இரண்டு பிள்ளைகள் குளத்துக்கு வந்தார்கள்.

"மச்சம் உள்ள வாத்து யாரு?"

 பக்கத்து வாத்து பூஞ்சிறகியின் காதில், "இறக்கையை மூடிக்கிட்டு பேசாம இருடி!" என்றது. அவளும் மற்ற வாத்துகளுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். நல்லவேளை, இறக்கையை மூடித்தான் வைத்திருந்தாள்.

மூத்த பிள்ளை சலித்துக்கொண்டான். "அப்படி ஒருத்தி இல்லவே இல்லபோல. குரங்கு சும்மா கற்பனை பண்ணி வரைஞ்சிருக்கு. வா, மாவுலயே பிடிச்சுக்கலாம்."

"கற்பனையா!" பூஞ்சிறகிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. படீரென்று இறக்கையை விரித்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நின்றாள். "இதோ பாருங்க! சாட்சாத் நானேதான்!"

"அடடா, நீங்களா! வாங்கம்மா," என்றான் இளையவன், மிகுந்த மரியாதையோடு. அன்று மத்தியானமே அவளை மேசையில் வைத்துவிட்டார்கள், வெங்காயத்தோடு.

படத்தில் இடம் பிடிக்கத் துடிக்கிறவர்கள், அதில் தாங்கள் விருந்தாளியா விருந்தா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.