நாலு விரல் பிரிச்ச அங்கி

என் அங்கியில இருக்கறது ஓட்டை இல்லைங்க, பிரிச்சு விட்டது. ரெண்டு கக்கத்துலயும் நாலு நாலு விரல். எலி கடிச்சுதான்னு போன தடவை ஒருத்தர் கேட்டாரு. எலி இவ்வளவு நேரா கடிக்காதுங்க.

நீங்க புதுசு. துணியை மடியில வச்சுட்டு முழிக்கிறதைப் பார்த்தாலே தெரியுது. உக்காருங்க. விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்குது, சொல்றேன்.

நான் மின்வாரியத்துல லைன்மேனா சேர்ந்து ஃபோர்மேனா ரிட்டயர் ஆனவன். பத்தாவது படிச்சது ராத்திரிப் பள்ளிக்கூடத்துல. அங்க யாராவது கேள்வி கேட்டுட்டே இருந்தாதான் வாத்தியார் தூங்காம இருப்பாரு. அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகலை.

இங்க வாத்தியார் நம்ம அம்மணிதான். மரகதவல்லி. என்னைய விட இருபத்திரண்டு வயசு சின்னவங்க. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற வேலை. தினமும் ஆளோட எலும்பைப் பார்க்கிறவங்க, துணியைப் பார்த்து மயங்க மாட்டாங்க.

மரம், மழை, தீ, இதைத்தான் கும்பிடுறோம். வெளிநாட்டுல இதுக்கு பேகன்னு பேராம். அம்மணி நெறைய படிச்சுத்தான் ஆனைகட்டி ரோட்டுல இந்தத் தோட்டத்துல ஆரம்பிச்சாங்க. எங்க ஊர்ல ஒண்ணும் படிக்காமலே வேப்பமரத்துக்கு மஞ்சத்துணி கட்டிட்டுதான் இருந்தாங்கன்னு வந்த அன்னைக்கே சொன்னேன்.

“அப்ப நீங்கதான் எனக்கு சீனியர் அண்ணா”ன்னாங்க.

நான் வந்தது ஒரே காரியத்துக்கு. ஐப்பசி கடைசியில ஒரு விடியக்காலம், இதோ இந்தக் கல்லு வட்டத்துக்குள்ள நின்னு, செத்துப்போனவங்க பேரைச் சொல்லுவாங்கன்னு கேள்விப்பட்டேன். விளக்கை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிப் பேரைச் சொல்லணும். சுத்தி நிக்கிறவங்க அந்தப் பேரைத் திருப்பிச் சொல்லுவாங்க. அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரி போயி அப்ப பதினாலு மாசம். முப்பத்திநாலு வருஷம் குடும்பம் பண்ணினோம். ஒரு நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏனு புள்ள’தான். ரேஷன் கார்டு பாரத்துல எழுதியிருக்கேன், வாயால சொன்னதில்லை. ஒரு தடவை சொல்லிடணும்னு இருந்துச்சு.

அம்மணிகிட்ட கேட்டேன். “அங்கி தச்சுட்டு வாங்க”ன்னாங்க.

“டெய்லர்கிட்ட குடுத்து…”

“நீங்க தைக்கணும். அங்கி இல்லாட்டி கல்லுக்கு வெளியில நின்னு பார்க்கலாம், பேர் சொல்ல முடியாது. அப்புறம் அடுத்த ஐப்பசிதான்.”

“வேட்டி சட்டையில நின்னா சாமிக்குத் தெரியாதுங்களா அம்மணி?”

“கம்பத்துல ஏறும்போது கையில ரப்பர் உறை எதுக்குண்ணா போட்டீங்க?”ன்னு கேட்டாங்க.

“ஷாக் அடிக்காம இருக்க.”

“லைனை ஆஃப் பண்ணிட்டுதானே ஏறுவீங்க?”

“ஆமாங்க. இருந்தாலும் உறை மாட்டினாத்தான் கை எங்க போகுதுன்னு நெனப்பு இருக்கும்.”

சொல்லிட்டு நானே எந்திரிச்சு வந்துட்டேன்.

முதல்ல வெல்வெட்டு வாங்கினேன். நல்ல மெரூன். செய்யறதைப் பெருசா செய்யலாம்னு. ஆடிட்டர் வைத்தீஸ்வரனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதோ, ஊதா பட்டுல, அங்கியோடவே தலைக்குக் குல்லா வச்சுத் தச்சு நிக்கிறாரே, அவருதான். “ஃபோர்மேன், இதுல நீங்க ராஜா மாதிரி இருப்பீங்க”ன்னாரு.

அம்மணி துணியோட ஓரத்துல ஒரு நூலை உருவி, அகல் விளக்குல காட்டினாங்க. நூல் எரியலை. உருகி, சுருண்டு, கறுப்பா ஒரு சொட்டாச்சு. அதை ஒரு பூவரச இலை மேல விட்டாங்க. இலையில பொத்தல்.

இலையை என் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டாங்க.

நாம தீகிட்ட நிக்கிறவங்க. அன்னைக்கு ராஜா வேஷம் முடிஞ்சுது.

ஆடிட்டரு அங்கிக்குக் கைய அகலமா வச்சுத் தச்சிருந்தாரு, தரையைத் தொடற மாதிரி. அவரு அங்கி பத்தி அபிப்பிராயம் கேட்டாரு. அம்மணி விளக்குக்கெல்லாம் எண்ணெய் ஊத்தச் சொன்னாங்க. மூணாவது விளக்குல பட்டு எண்ணெயில முங்கிருச்சு. இப்ப மணிக்கட்டுல ரப்பர் பேண்டு போட்டுக்கிறாரு, பாருங்க.

பருத்திதான் வேணும்னு தெரிஞ்சுது. என்ன கலர்னு கேட்டேன்.

“வீட்டுல என்ன இருக்கு?”

பீரோவைத் தொறந்தேன். காடாத்துணி இருந்துச்சு, நாலரை மீட்டர். தலகாணி உறைக்குன்னு அவ வாங்கி வச்சது. கடை ரப்பர் பேண்டு கூடப் பிரிக்கலை. அதை எடுத்துக்கிட்டேன்.

வெட்டுற விதம் அம்மணி சொல்லித்தான் குடுத்தாங்க. துணியை நாலா மடிக்கணும். நமக்குப் பொருந்தற உடுப்பு ஒண்ணை மேல வைக்கணும். சுத்தி ஒரு சாண் தள்ளிக் கோடு போடணும். கோட்டு மேல வெட்டணும். இதுல தப்பு பண்ண ஒண்ணுமே இல்லை.

நான் பண்ணினேன்.

எங்கிட்ட இருக்கறதெல்லாம் அரைக்கை சட்டை. அங்கி கால் வரைக்கும் வரணும். வீட்டுல நீளமா இருந்தது அவ நைட்டி ஒண்ணுதான், பச்சையில வெள்ளைப் பூப் போட்டது. அதை மேல விரிச்சேன். ஒரு சாண் தள்ளிக் கோடும் போட்டேன். கத்தரிய எடுத்தேன். எடுத்துட்டு என்னமோ, நைட்டியோட ஓரத்தை விட்டு அவ்வளவு தூரம் போக மனசு வரலை. தையலுக்கு ரெண்டு விரல் விட்டு ஓரத்தை ஒட்டியே வெட்டிட்டேன். மிச்சத்துல இடுப்புக்குக் கயிறு முறுக்கிட்டேன்.

வெட்டினதைப் பேப்பர்ல சுத்தி அம்மணிகிட்ட காட்டினேன். ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாங்க, எக்ஸ்ரே ஃபிலிமைப் பிடிக்கிற மாதிரி. ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறமேட்டு மடிச்சுக் குடுத்தாங்க.

“தையுங்கண்ணா.”

மூணு வாரம் தச்சேன். அவ மிஷின்தான், காலால மிதிக்கிறது. எனக்கு டிரான்ஸ்ஃபார்மர் தெரியும், பாபின் தெரியாது. நூல் அறுந்துட்டே இருக்கும். “ஏனு புள்ள, இது எந்தப் பக்கம் சுத்தணும்?”னு கேட்பேன். ஊசி கோக்க முடியாது. “கண்ணாடிய எங்க வச்சுத் தொலைச்ச?”னு கத்துவேன். கண்ணாடி என் மூக்கு மேலதான் இருக்கும். ஒரு நாள் கைப்பகுதிய உள்வெளி மாத்தித் தச்சுட்டேன். அவ இருந்தா சிரிச்சிருப்பா. “சிரிக்காத, நீ மொத மொத வச்ச ரசத்த நான் குடிக்கலையா?”ன்னேன். மத்தியானம் உக்காந்தா சாயங்காலம் ஆறது தெரியாது. டீ கூட ரெண்டு டம்ளர் போட்டுட்டேன் ஒரு தடவை. ரெண்டையும் நானே குடிச்சேன்.

தச்சு முடிச்சுப் போட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னேன். கைய தொங்கப்போட்டுட்டு நின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.

பேர் சொல்ற நாளுக்கு முந்தின சாயங்காலம் எல்லாரும் இங்க வந்துட்டோம். ஒரு தடவை பழகிப் பார்க்கலாம்னு அம்மணி காலி விளக்கைக் குடுத்தாங்க.

“தூக்குங்கண்ணா.”

நெஞ்சு வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல வரலை. கக்கத்துல இழுத்துப் பிடிக்குது. தோள்பட்டையில டர்ருனு ஒரு சத்தம். கைய இறக்கிட்டேன்.

ஆடிட்டரு சிரிச்சுட்டாரு. “என்னங்க ஃபோர்மேன், யாரையோ சரணடையற மாதிரி நிக்கறீங்க?”

இன்னொரு தடவை பார்த்தேன். அதே நெஞ்சு வரைக்கும்தான்.

“நான் வெளியில நின்னுக்கறேங்க அம்மணி. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.” சாதாரணமாச் சொல்லணும்னுதான் சொன்னேன். ஆனா விளக்கைக் கீழ வைக்கலை.

அம்மணி கிட்ட வந்தாங்க. “எதை வச்சு வெட்டினீங்க?”

“சட்டைய வச்சு.”

“இடுப்புல வளைவு இருக்கே. உங்களுக்கு இடுப்பே இல்லையேண்ணா.”

ஆடிட்டரு மறுபடி சிரிக்க வாயத் தொறந்தாரு. நான் சொல்லிட்டேன், “வீட்டுக்காரி நைட்டிங்க.”

தொறந்த வாய அவரு அப்படியே மூடிட்டாரு.

“பையில இருக்குதுங்க”ன்னேன். “அளவு சரி பார்க்கலாம்னு கொண்டு வந்தேன்.” அளவு சரி பார்க்க ஒண்ணுமில்லைன்னு எனக்கே தெரியும். சும்மாதான் கொண்டு வந்தேன்.

அம்மணி என் கக்கத்துல விரல் வச்சுக் காட்டினாங்க. “இங்க பிரிங்க. ரெண்டு பக்கமும் நாலு விரல்.”

ஆடிட்டரு போயி அவரு ஷேவிங் செட்டுல இருந்து புது பிளேடு எடுத்துட்டு வந்து நீட்டினாரு. நல்ல மனுஷன்தானுங்க அவரு, பட்டு போட்டிருந்தாலும்.

பிரிச்சேன். லேசுல வரலை. கம்பம் நட்ட ஆளு பாருங்க, பலமா இருக்கட்டும்னு மூணு தடவை தையல் ஓட்டியிருந்தேன். ஒவ்வொரு தையலா அறுத்தேன். எனக்கு அறுக்க மனசே இல்லைங்க. ஆனா விளக்கு தூக்கணுமே.

பிரிச்சு முடிச்சதும் ரெண்டு பக்கமும் பனியன் தெரிஞ்சுது.

“இதுல ஒரு துண்டு வச்சு அடைச்சரட்டுங்களா? வேற துணி இல்லை. நைட்டியிலயே கொஞ்சம் வெட்டி…” எனக்கே அது நல்ல யோசனையாப் பட்டுச்சு. அவளும் கூட இருந்த மாதிரி ஆச்சு.

“அதை வெட்டாதீங்க”ன்னாங்க அம்மணி. “மடிச்சுப் பையிலயே வையுங்க.”

“அப்ப இந்த இடம்?”

“தொறந்தே இருக்கட்டும்.”

“குளிரடிக்குமே.”

“அடிக்கும்.”

மறுநாள் விடியக்காலம், இதே மாதிரி மூடுபனி. பதினேழு பேர். எனக்கு முன்னாடி ஆடிட்டரு. அவங்க அப்பா பேரைச் சொன்னாரு. சொல்லிட்டுக் குல்லாவைக் கண்ணு மறையற வரைக்கும் முன்னாடி இழுத்து விட்டுக்கிட்டாரு. அது எதுக்காகும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

என் முறை வந்துச்சு. விளக்கை வாங்கினேன். தூக்கினேன். போச்சுங்க கை, தலைக்கு மேல. ரெண்டு கக்கத்துலயும் குளிரு சிலீர்னு உள்ள ஏறுது. வாயத் தொறந்தேன், வரலை. முப்பத்திநாலு வருஷத்துப் பழக்கம். ‘ஏனு புள்ள’ன்னுதான் வாய் போகுது.

யாரும் அவசரப்படுத்தலை. கை வலிக்க ஆரம்பிச்சுது. இறக்கலை.

“தெய்வானை”ன்னேன்.

பதினாறு பேரும் சொன்னாங்க, “தெய்வானை”ன்னு. அவ பேரை அத்தனை பேர் சேர்ந்து சொல்லி நான் எங்கயும் கேட்டதில்லைங்க.

முடிஞ்சு எல்லாரும் அந்தப் புளியமரத்துக்கிட்ட கஞ்சி குடிச்சுட்டு இருந்தோம். எனக்கு ஒண்ணு உறுத்திட்டே இருந்துச்சு. கேள்வி கேட்கிற பழக்கம்தான் சொன்னேனே. அம்மணி பக்கத்துல போயி உக்காந்தேன்.

“அன்னைக்கு ஜன்னல்ல தூக்கிப் பார்த்தீங்களே அம்மணி. நான் வெட்டின துண்டை.”

“ஆமாண்ணா.”

“அப்பவே தெரிஞ்சுருச்சுங்களா, அது என் அளவு இல்லைன்னு?”

“தெரிஞ்சுது.”

“பொம்பளை உடுப்புன்னும்?”

“தெரிஞ்சுது.”

எனக்குக் கோவமே வந்துருச்சுங்க. “ஏனுங்க, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற துணி எடுத்து ஒழுங்கா வெட்டியிருப்பேனே? இப்படிப் பிரிச்சுட்டு நிக்க வேண்டியதில்லையே? மூணு வாரம் வீண்தானே?”

அம்மணி கஞ்சி டம்ளரைக் கீழ வச்சாங்க.

“சொல்லியிருந்தா, அந்த மூணு வாரம் யாரு கூட உக்காந்து தச்சிருப்பீங்கண்ணா?”

நைட்டி இருந்த பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டேனுங்க.

அதோ, ஆடிட்டரு கையாட்டிக் கூப்பிடுறாரு, கேக்குதுங்களா? “ஃபோர்மேன், விளக்கு!” பேர் சொல்றவங்க கையில விளக்கை எடுத்துக் குடுக்கறது இப்ப என் வேலை.

வர்றேனுங்க.